வழக்கு முடியும்வரை

என் பதிவேடுகளைப் பற்றி மாவட்டத்தில் ஒரு கேலி உண்டு. மரகதம் மேடம் எழுதிய ஏட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிடலாம், அதற்குமேல் அதில் செய்ய ஒன்றுமில்லை என்பார்கள். கேட்க எனக்குப் பிடிக்கும். முப்பத்துநான்கு வருட வேலையில் ஓர் அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது, பொய்யாக ஒரு வரி கிடையாது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழந்தைகள் நீதிமன்றத்தில் நான் தலைமை எழுத்தர். இந்தக் காலத்தில் பேனாவால் ஏடு எழுதுகிறார்களா என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் சிரிப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் திரையில்தான் இருந்தது. பிறகு யார் முகத்தையும் யார் குரலையும் யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம் என்று ஆயிற்று. கொலை செய்யாதவன் கொலை செய்கிற படம் நீதிமன்றத்தில் ஓடியது. செய்தவன் அதே நேரத்தில் கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருக்கும் படமும் ஓடியது. இரண்டையும் பார்த்து நீதிபதிகள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கடைசியில், படமும் ஒலியும் இனிச் சாட்சியம் ஆகாது என்று சட்டமே வந்துவிட்டது. மையும் தாளும் உயிரோடு நிற்கும் மனிதனும் மட்டும்தான் மிச்சம்.

பெரியவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். குழந்தைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். எட்டு வயதில் பார்த்ததைப் பதின்மூன்று வயதில் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அன்று நீலச் சட்டை என்றாய், இன்று கறுப்புச் சட்டை என்கிறாயே என்று வக்கீல் பிடித்துக்கொள்வார். குழந்தை அழும், வழக்கு தோற்கும், அடித்தவன் மாலை போட்டுக்கொண்டு வெளியே வருவான். இதற்கு மாற்றாக வந்ததுதான் நினைவுக் காப்பு. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், வெள்ளரி விதை அளவில் ஒன்றை வைப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், வராத சாட்சியைப் போலீஸ் கூட்டி வரும். எந்த நாளைக் காக்கச் சொல்கிறோமோ அந்த நாள் மட்டும் அந்தக் குழந்தைக்கு மங்கவே மங்காது. சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தைதான் ஆவணம். நான் ஆவணத்தைப் பாதுகாக்கிறவள்.

நிரஞ்சனா எங்களிடம் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. அம்மா அப்பா இருவரும் விபத்தில் போய், அவளும் நான்கு வயதுத் தங்கை மீனுவும் சித்தி வீட்டில் இருந்தார்கள். சித்தப்பா பெயர் ராஜதுரை. பிள்ளைகள் சத்தம் போட்டால் அவர் துணி வைக்கிற இரும்பு பீரோவில் போட்டுப் பூட்டுவார். ஒரு மத்தியானம் மீனுவை உள்ளே போட்டுப் பூட்டி, சாவியை ஸ்டூல் மேல் வைத்து, 'தொட்டே, நீயும் உள்ளதான்' என்று நிரஞ்சனாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த அறையில் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் எழுந்து திறந்தபோது மீனு உயிரோடு இல்லை.

முதல் வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். 'தங்கச்சி நாப்பத்திமூணு தடவ தட்டினா. அப்புறம் தட்டல' என்று அந்தக் குழந்தை சொன்னது. எண்ணத் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். நூறு வரைக்கும் தெரியும் என்றது. அதையும் எழுதினேன்.

அன்றே காப்பு வைத்தோம். அதை வைப்பவள் சகாயமேரி, நீதிமன்றத்து மருத்துவப் பணியாளர். வாய் ஓயாது, கை அசையாது. குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"கண்ணு, வெயில்ல போட்ட துணி வெளுத்துப்போகும்ல? அதே மாதிரி நாம பாத்ததும் மனசுல வெளுத்துப்போகும். இது வெளுக்காம பாத்துக்கும். நீ ஜட்ஜ் ஐயாகிட்ட எல்லாத்தையும் சரியா சொல்லணும்ல, அதுக்குத்தான்."

"எப்ப எடுப்பீங்க?"

"வழக்கு முடிஞ்சதும் எடுத்துடுவேன். மரகதம் மேடம் ஏட்டுல 'முடிந்தது'னு எழுதி ஒரு சீட்டு குடுப்பாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் புன்னகைத்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இல்லத்திலிருந்து அவளைக் கூட்டி வருவார்கள். நாளாக நாளாக ஆறும் என்கிறோமே, அது அவளுக்குக் கிடையாது. சட்டமே அதைத்தானே தடுக்கிறது. ஒன்பது வயதிலும் பத்து வயதிலும் அவளுக்கு அது இன்றைய மத்தியானம். உட்கார்ந்திருக்கும்போது விரல் தானாக மடங்கும், உதடு எண்ணும். நாற்பத்துமூன்று வந்ததும் நின்றுவிடும். பிறகு கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நான் பார்க்கவும் மாட்டேன், ஏட்டைப் பார்ப்பேன். இல்லத்தில் அவள் அறைக்கு அலமாரி வைக்கவில்லை என்று ஒருமுறை வார்டன் சொன்னார். பள்ளியில் மேசையைத் தட்டி அமைதி என்று சொன்ன ஆசிரியையின் கையைக் கடித்துவிட்டாளாம். இவற்றையெல்லாம் 'காப்பு நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது பொய்யில்லை. காப்பு நல்ல நிலையில்தான் இருந்தது.

வழக்கு நகரவில்லை. ராஜதுரை ஜாமீனில் இருந்தார். வக்கீல் வாய்தா வாங்கினார், அரசு வக்கீல் மாறினார், நீதிபதி மாறினார். ஐந்து வருடம் ஓடியது.

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எல்லா நீதிமன்றமும் நிலுவைக் கணக்கு அனுப்ப வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வழக்குகள் கூடுதலாக இருந்தால் மேலிடம் நீதிபதியைக் கூப்பிட்டுக் கேட்கும், நீதிபதி எங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். அந்த வருடம் ஆற்றுக்கு அக்கரையில் கூடுதல் நீதிமன்றம் ஒன்று திறந்தார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். பழைய வழக்குகளில் இருநூற்றுப் பதினான்கை அங்கே மாற்றினோம். மாற்றினால் நம் கணக்கில் அந்த எண் கழிந்துவிடும். அங்கே புது எண் விழும், அது அவர்கள் பாடு.

வழக்குக் காகிதக் கட்டுகளை அனுப்பலாம். காப்புச் சாட்சிகளை அப்படி அனுப்ப முடியாது. குழந்தையை நேரில் வரவழைத்து, இரண்டு நீதிபதிகள் முன்னால் காப்பைச் சரிபார்த்து, இந்த ஏட்டிலிருந்து அந்த ஏட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு நாள் ஆகும். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் நடக்கிற காரியமா? அதனால் எல்லா நீதிமன்றத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. கட்டை முதலில் அனுப்பிவிடுவோம், ஆளை அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம். எந்த விதியிலும் இல்லை, யாரும் சொல்லித்தரவுமில்லை, எல்லோரும் செய்தோம். வழக்குப் பதிவேட்டில் அவள் எண்ணுக்கு நேராக 'மாற்றப்பட்டது' என்று எழுதினேன். காப்புப் பதிவேட்டில் அவள் பெயர் எங்களிடமே இருந்தது.

அந்த 'அப்புறம்' வரவில்லை. இருநூற்றுப் பதினான்கில் காப்புக் குழந்தைகள் பதினேழு பேர். பதினாறு பேரை ஜனவரியில் அனுப்பினேன். அந்த வாரம் நிரஞ்சனாவுக்கு அம்மை போட்டிருந்தது, இல்லத்திலிருந்து அனுப்பவில்லை. குணமானதும் அனுப்புங்கள் என்று கடிதம் எழுதினேன். கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அனுப்பிவிட்டு மறந்துபோனேன். இவ்வளவுதான் நடந்தது. வேறு சூழ்ச்சி எதுவுமில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, புதுப்பிக்க வந்த ஒரு காலையில், சகாயமேரியின் நாற்காலியில் சாய்ந்தபடி என்னிடம் கேட்டாள். இல்லத்தை விட்டு விடுதிக்கு வந்திருந்தாள். துணிக்கடை ஒன்றில் வேலை செய்தாள். ஏழெட்டு வேலை மாறி அது.

"மேடம், இன்னும் எத்தனை தடவ வரணும்?"

வழக்கைப் பற்றிக் காப்புச் சாட்சியிடம் எதுவும் பேசக் கூடாது என்பது விதி. வெளிச்செய்தி கலந்தால் நினைவு கெடும். பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எனக்கே அன்றுதான் உறைத்தது, பதினோரு வருடம் ஆயிற்றே என்று. அக்கரை நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்பி நிலவரம் கேட்டேன். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது. எதிரி ராஜதுரை மாரடைப்பால் இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போனது. கீழே தேதி. ஆறு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல்.

நான் அந்தத் தேதியை நாலு தடவை பார்த்தேன். கட்டு அங்கே போய் நாலே மாதத்தில் ஆள் செத்திருக்கிறான். சாட்சியைக் கூப்பிடும் கட்டமே வரவில்லை, அதனால் சாட்சி எங்கே என்று யாரும் தேடவில்லை. அவள் பதின்மூன்று வயதிலேயே மறக்க ஆரம்பித்திருக்க வேண்டியவள். ஆறு வருடம், பன்னிரண்டு தடவை, நான் கையெழுத்துப் போட்டு அந்த பீரோவுக்கு முன்னால் அவளை உட்கார வைத்திருக்கிறேன். கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்று மத்தியானமே அவளை வரவழைத்தேன். சகாயமேரியும் இருந்தாள். நிரஞ்சனாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். சித்தப்பா இறந்ததையும், வழக்கு முடிந்ததையும், என் கடிதத்தையும், என் மறதியையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள், மூடினாள்.

"அப்ப இதை இன்னைக்கே எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

அதில்தான் சிக்கல். அக்கரை ஏட்டில் வழக்கு முடிந்தது, ஆனால் அங்கே காப்பு இல்லை. எங்கள் ஏட்டில் காப்பு இருந்தது, ஆனால் இங்கே வழக்கு முடியவில்லை, மாற்றப்பட்டது. சீட்டு கொடுக்க வேண்டுமென்றால் நீதிபதிக்கு அறிக்கை எழுதி, காரணம் காட்டி, உத்தரவு வாங்க வேண்டும். சகாயமேரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேடம், 'முடிந்தது'னு ஒரு வரி போட்டுச் சீட்டு குடுங்க. நான் எடுத்துடறேன். பதினோரு வருஷத்துப் பழைய ஏட்டை யாரு வந்து பாக்கப் போறா?"

"இங்க முடியலையே மேரி. முடியாததை எப்படி முடிஞ்சதுன்னு எழுதறது?"

"முடிஞ்சுதானே மேடம் இருக்கு," என்றாள் நிரஞ்சனா.

நான் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம், முறைப்படி செய்துவிடலாம், உண்மையை எழுதினால் யாருக்கும் கெடுதல் வராது என்று சொன்னேன். தோளைத் தொட்டுக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா என்றேன். வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை, ஆனால் இதமாகத்தான் சொன்னேன். அவள் எழுந்து போனாள். சகாயமேரி அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனாள்.

ஏன் எழுதவில்லை என்று பிறகு பலரும் கேட்டார்கள். பயம் ஒரு காரணம். பொய்ப் பதிவு என்று தெரிந்தால் வேலை போகும். ஆனால் பயம் மட்டுமில்லை. முப்பத்துநான்கு வருடம் ஒரு கறை இல்லாத ஏடு. அதில் முதல் பொய்யை இந்த வயதில் எழுதக் கை வரவில்லை. அந்த ஏட்டை நான் அவளைவிட அதிகமாக நேசித்தேன், அதுதான் நிஜம். இன்னொன்றும் உண்டு. என் தப்பை நானே எழுதி ஒப்படைத்தால் எனக்கு மனது லேசாகும் என்று தோன்றியது. லேசாகவும் ஆயிற்று. அறிக்கையை முடித்த அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு பக்க அறிக்கை. தேதி, எண், கடித நகல், அம்மை, எல்லாவற்றையும் வைத்தேன். கடைசி வரியில் இது முழுக்க என் தவறு என்று எழுதினேன். நீதிபதி இளமாறன் நல்ல மனிதர். சாட்சிக் குழந்தைகளுக்காக மேசை டிராயரில் கடலை மிட்டாய் வைத்திருப்பவர். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், கையெழுத்துப் போடுங்கள் என்று.

அவர் போடவில்லை. பதிமூன்று வயதுக் குழந்தைக்கு அதிகாரமில்லாமல் காப்பை நீட்டித்தது குழந்தைச் சாட்சிச் சட்டத்தின்படி பெரிய குற்றம் என்றார். மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. தெரியும் ஐயா, எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அவள் காப்பை எடுக்க உத்தரவு போடுங்கள் என்றேன்.

"உங்களுக்குப் புரியலையா மேடம்?" என்றார். "உங்க மேல வழக்குப் போட்டா அவதான் பாதிக்கப்பட்டவ. அவதான் ஒரே சாட்சி. ஆறு வருஷமா அவ தலைக்குள்ள என்ன இருந்துச்சுங்கறதுதான் வழக்கே. அந்தக் காப்பு இப்ப ஆதாரம். ஆதாரத்தை நானே எப்படி அழிக்கச் சொல்றது?"

"அவளுக்குப் பத்தொன்பது வயசு ஐயா. குழந்தைச் சட்டம் அவளுக்கு எப்படி வரும்?"

"குற்றம் ஆரம்பிச்சப்ப பதிமூணு. இந்த வழக்கு முடியற வரைக்கும் சட்டத்துக்கு அவ குழந்தைதான்."

கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தபால் பதிவேட்டைக் காட்டினார். அறிக்கையை உள்ளே அனுப்பும்முன் அதில் எண் போட்டு, தேதி போட்டு, நகல் மூன்றை மேலிடத்துக்கும் அக்கரைக்கும் அரசு வக்கீலுக்கும் அனுப்பியிருந்தேன். முறை அதுதானே. நான் எந்த முறையை விட்டேன்?

"ரொம்பச் சரியா எழுதியிருக்கீங்க," என்றார் நீதிபதி. "இதுல ஓட்டையே இல்ல. இருந்திருந்தா நான் எதையாவது செஞ்சிருப்பேன்."

அதோடும் நிற்கவில்லை. புதிய குற்றத்துக்குப் புதிய நாளையும் காக்க வேண்டும். உண்மை தெரிந்த நாள், அதாவது நான் அவளிடம் பேசிய அந்த மத்தியானம். சகாயமேரி முடியாது என்று விடுப்பில் போனாள். அக்கரையிலிருந்து வேறு ஆள் வந்து வைத்துவிட்டுப் போனார். காதுக்குப் பின்னால் இப்போது அவளுக்கு இரண்டு தழும்புகள்.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டால் அன்றே முடியும் என்று நினைத்தேன். குழந்தை வழக்குகளில் ஒப்புதலை மட்டும் வைத்து முடிக்கக் கூடாது, சாட்சியைக் கேட்டே ஆக வேண்டும் என்றார்கள். எவனையோ மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்து உண்மையான ஆளைத் தப்பவிட்டதால் வந்த விதி அது. நல்ல விதிதான். அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த மேலிடத்து அனுமதி வர வேண்டும். அது வரவில்லை. எனக்கு முன்னால் தொள்ளாயிரம் வழக்குகள் வரிசையில் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு நான்தான் எண் போட்டேன்.

போன மாதம் வாய்தா. பணியிடை நீக்கத்தில் இருப்பவள் என்பதால், முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்த அலுவலக அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. வெளியே எதிரிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நிரஞ்சனா வந்தாள். துணிக்கடை வேலையும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நிறைய இடம் இருந்தும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எதிரியும் சாட்சியும் பேசக் கூடாது. தூரத்தில் நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, தெரிந்த முகம் என்பதால் திரும்பிக்கொண்டார்.

"உடம்பு எப்படி இருக்கு மேடம்?" என்றாள்.

அக்கறையாகக் கேட்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லாத்தான் இருக்கேம்மா, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்றேன்.

"ஓ," என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. எதிரி இறந்தால் வழக்கு அற்றுப்போகும் என்று அவளுக்குச் சொன்னதே நான்தான். அவள் விரல் மடங்கிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தவித்து, அன்றைக்கு நான் உன்னிடம் எவ்வளவோ பக்குவமாகத்தான் சொன்னேன், தோளைத் தொட்டுப் பொறுத்துக்கோ என்றேன், இப்படி ஆகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், எழுத்தர் பிழையைத் திருத்துவதற்கு முன்னால் ஆட்டுகிற மாதிரி.

"தோளைத் தொடல மேடம். நீங்க மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க. இடது கையில அச்சு மை. மின்விசிறி ரெண்டுல ஓடுச்சு. கண்ணாடியைக் கழட்டிப் புடவை முந்தானையில துடைச்சுக்கிட்டே சொன்னீங்க: 'முப்பத்திநாலு வருஷமா ஒரு பொய் வரி எழுதினதில்ல. உனக்காக அதைக் கெடுத்துக்க முடியாது. இத்தனை வருஷம் இருந்துட்டே, இன்னும் ஒரு மாசம் இருந்தா செத்தா போயிடுவே?' அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, 'போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ'ன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாயெடுத்தேன். யார் நினைவு சரி என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சட்டத்தைப் பதினோரு வருடம் அமல் செய்தவள் நான்.

"முன்னாடி நாப்பத்திமூணு தட்டினதும் நின்னுடும்," என்றாள். "இப்ப நிக்கறதில்ல. அது நின்னதும் உங்க குரல் வருது. கதவைச் சாத்திட்டுப் போன்னு முடியுது. மறுபடி முதல்லேருந்து தட்டறா."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மீனு தட்டறப்ப சாவி ஸ்டூல் மேல இருந்துச்சு. எனக்கு எட்டு வயசு மேடம், பயந்துட்டுத் திறக்கல. உங்களுக்கு அன்னைக்கு என்ன வயசு?"

ஐம்பத்தேழு. அதற்குள் டவாலி வெளியே வந்து எங்கள் வழக்கின் எண்ணைச் சொல்லி, என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். பிறகு அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். உள்ளே போனோம், நான் கூண்டுக்கு, அவள் சாட்சி நாற்காலிக்கு. அனுமதி இன்னும் வரவில்லை என்று அரசு வக்கீல் சொன்னார். நீதிபதி எங்கள் இருவரையும் பார்க்காமல் ஆறு மாதம் தள்ளி வைத்தார்.

என் இடத்தில் உட்கார்ந்திருந்த புதிய எழுத்தர் ஏட்டைப் பிரித்து அடுத்த தேதியை எழுதினார். சின்னப் பெண், கையெழுத்து கொஞ்சம் சாய்ந்து விழுகிறது. கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள்.